சினை மீனும் மழைக்காலமும்

பம்பாய் என்று நம்மவர் இன்றும் வாய்ப்பழக்கத்தால் கூறும் மும்பை மாநகரின் வடகிழக்கே, தானே செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது பாண்டுப். கிழக்கே உப்பளங்களையும் அலையாத்திக் காட்டையும் கடந்தால் தானேக் கடற்கழி. மேற்கே சிறு குன்றுகளைத் தாண்டினால் 1860-இல் கட்டி முடிக்கப்பெற்ற விஹார் ஏரி. அதற்குச் சற்றுத் தெற்கே பொவாய் ஏரி. உவர்நீர் ஒருபுறமும் நன்னீர் ஒருபுறமுமாக வாழும் இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு மீன் பற்றிய பேச்சு புதியதன்று. எனினும் ஆண்டுதோறும் ஆனி பிறந்து மழை இறங்கியதும், நம் வீட்டில் ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடும்.

மழைக்காலத்தில் விசைப் படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. ஆகவே ஸ்டேஷன் அருகிலுள்ள அங்காடியில் வவ்வாலும் வஞ்சிரமும் அருகிவிடும்; குளத்து மீனாகிய ரோகுவும் கட்லாவும் கூடையை நிரப்பும். மீன் விற்கும் மூதாட்டியாரை இவ்வூர் வழக்கப்படி நாம் ‘மாவ்ஷி’ என்போம். தென்னாட்டார் அனைவரையும் போல நம்மையும் அவர் ‘அண்ணா’ என்பார். “அண்ணா, இன்று காபோளி உள்ள மீன், வயிற்றைப் பாருங்கள்” என்று அவர் ரோகுவைத் தூக்கிக் காட்டுவார். காபோளி என்பது மராட்டியில் மீன் சினை. சினைப் பொரியல் நம் பிள்ளைகளுக்கு உயிர். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த நம் தாயாருக்கோ சினைப்பட்ட மீனை மழைக்காலத்தில் அறுப்பது பெரும் பாவம். “பிள்ளைத்தாய்ச்சியை வெட்டலாமா?” என்பது அவர் கேள்வி. “அத்தை, நாம் வாங்காவிட்டால் அடுத்த வீட்டார் வாங்குவார்கள், அவ்வளவுதான்” என்பது நம் இல்லத்தரசியின் விடை.

அரசாங்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவதே நம் தொழில், பயின்றது கலைப்பாடம். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் மீன்வளம் சம்பந்தமான தாள்கள் சில மொழிபெயர்ப்புக்காக நம் மேஜைக்கு வந்தபோது, அவற்றினின்றும் அவற்றைத் தொடர்ந்து படித்த நூல்களினின்றும் ஓர் உண்மையை அறிந்தோம். நம் தாயாரும் துணைவியாரும் வாதிடும் அந்த ரோகுவின் வயிற்றில் நிகழ்வது, இருவரும் எண்ணியதினின்று வேறானது.

மீன்களை விஞ்ஞானிகள் பெரும்பாலும் இரு பகுதியாகப் பிரிப்பர். சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள். அவற்றில் கருத்தரித்தல் தாயின் உடலினுள்ளே நிகழ்கிறது. கெண்டை, விரால், கெளுத்தி, வஞ்சிரம் முதலான மற்றவை எலும்பு மீன்கள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை முட்டைகளை நீரில் உதிர்க்க, ஆண் மீன் அவற்றின்மீது விந்தைச் சொரிகிறது. கரு உருவாவது நீரில். தாயின் வயிற்றில் அன்று. ஆகவே மாவ்ஷி காட்டிய சினையைக் ‘கருப்பம்’ என்பது பொருந்தாது. அவை இன்னும் கருவுறாத அண்டங்கள். பிள்ளைத்தாய்ச்சி என்ற தாயாரின் உவமை இங்கேயே சற்று ஆட்டம் கண்டுவிடுகிறது. ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை.

இந்த அண்டங்கள் உண்டாகும் விதம் விந்தையானது. பங்குனி, சித்திரையில் பகல் நீண்டு நீரின் வெப்பம் ஏறுகையில், மீனின் மூளை அதனை உணர்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற பாகம் உண்டு. அதற்குக் கீழே, மண்டையோட்டின் சிறு குழியில் பொதிந்து கிடப்பது பிட்யூட்டரிச் சுரப்பி. கடுகளவே உள்ள இதற்குத் தமிழ் நூல்கள் ‘கபச் சுரப்பி’ என்று பெயரிட்டுள்ளன. உண்மையில் இதற்கும் கபத்துக்கும் தொடர்பில்லை. மூக்கின் சளி இங்கிருந்து வருவதாகப் பண்டைய மேனாட்டு வைத்தியர் தவறாக எண்ணிச் சூட்டிய பெயர், மொழிபெயர்ப்பாளரின் விசுவாசத்தால் தமிழிலும் குடியேறிவிட்டது. நம் தொழிலின் குறையை நாமே கூறுவதில் தவறில்லை.

மூளையின் ஏவலைப் பெற்றதும் பிட்யூட்டரி தன் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது சினைப்பையை எட்ட, சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் சென்று தட்டும் கதவு கல்லீரலுடையது. மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் சமையற்கூடம் கல்லீரலே. அங்குச் சமைத்த உணவு இரத்தத்தின் வழியாகச் சினைப்பைக்கு வந்து, ஒவ்வோர் அண்டத்திலும் சேமிக்கப்படுகிறது. இவ்வாறு மாதக்கணக்கில் ஊட்டம் பெற்றுப் பெருத்த சினை, முதிர்ந்த பெண் கெண்டையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையுங்கூட எட்டுவது உண்டு. ரோகு போன்ற மீனில், உடல் எடை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் அண்டங்கள் எனலாம்.

ஊட்டம் நிறைந்ததும் முட்டையிட்டுவிடுமா எனில், அதுதான் இல்லை. ஈண்டு ஒரு நீண்ட காத்திருப்புத் தொடங்குகிறது. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் கங்கை முதலான பேராறுகளுக்கு உரியவை. அவற்றுக்கு மழை வேண்டும். ஆற்றில் புதுவெள்ளம் பாய வேண்டும். நீர் சற்றே குளிர வேண்டும். கரையோரத்து ஆழமற்ற நிலங்கள் மூழ்கி, ஆணும் பெண்ணும் கூட்டமாய் ஓடித் திரிய இடம் வேண்டும். இவை கூடும்போதுதான் மூளை இரண்டாம் ஆணையைப் பிறப்பிக்கும். பிட்யூட்டரியிலிருந்து வேறொரு ஹார்மோன் பெருக்கெடுத்து வரும். அண்டத்தின் மையத்திலிருந்த உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து, அதன் சுவர் கரையும். பின்னர் அண்டங்கள் உறையினின்று விடுபட்டு உதிரும்.

தாதர் செல்லும் வண்டி பயணிகளை ஏற்றிக்கொண்டு பாண்டுப் நிலையத்தில் நிற்கிறது; சிக்னல் விழவில்லை. தேங்கிய குளத்து ரோகுவின் நிலை அதுவே. குளத்தில் வெள்ளமும் இல்லை, ஓட்டமும் இல்லை. வயிறு நிறைந்த மீன் ஆனி, ஆடி முழுவதும் காத்திருந்து, ஆணை வராமையால் மெல்லத் தன் சினையைத் தன் உடலிலேயே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. மஞ்சள் கருவாகச் சேர்த்த ஊட்டம் திரும்பவும் தாய்க்கே போய்ச் சேர்கிறது. ஒரு முட்டையும் பொரிப்பதில்லை.

இதனால் மீன் வளர்ப்போர் பட்ட பாடு கொஞ்சமன்று. குளத்தில் மீன் வளரும், குஞ்சு பொரிக்காது. ஆண்டுதோறும் குஞ்சுகளை ஆற்றிலிருந்தே கொணர்தல் வேண்டும். வங்காளத்தார் வெள்ளக் காலத்தில் நுண்வலை கட்டி ஆற்றுக் குஞ்சுகளை வாரி, மண் பானைகளில் இட்டு, இரயிலேற்றித் தொலைவிலுள்ள மாகாணங்களுக்கு அனுப்பினர். வழி நெடுகப் பானையை ஆட்டிக்கொண்டும் நீரை மாற்றிக்கொண்டும் ஆட்கள் உடன் சென்றனர். பிழைப்புத் தேடி இரயிலேறியவர் நாம் மட்டும் அல்லர். நம் தட்டிலுள்ள ரோகுவின் முன்னோரும் அவ்வாறு வந்தவரே. பயணத்தில் மாண்டவை மிகுதி. எஞ்சியவற்றுள்ளும் எது கட்லா, எது பிற மீன்களைத் தின்னும் வாளை என்பது வளர்ந்த பின்னரே விளங்கும். மேதினிபூர், பாங்குரா மாவட்டங்களில் மட்டும் மழைநீர் பாய்ந்து வடியுமாறு அமைத்த சிறு அணைக் குளங்களில் மீன்கள் ஆற்றை நினைத்து முட்டையிட்டன.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி தேடப்பட்டது. வெள்ளம் தரும் ஆணையை மூளை பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி ஹார்மோனை விடுகிறது. வெள்ளத்தை உண்டாக்க நம்மால் இயலாது. ஆனால் ஹார்மோனை நேரே மீனின் உடலில் செலுத்தினால் என்ன? 1930-இல் அர்ஜென்டினாவில் ஹூஸ்ஸே என்ற அறிஞர் மீன் பிட்யூட்டரியை மற்ற மீன்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அதையடுத்துப் பிரேசிலில் இஹெரிங் என்பாரும் அவருடைய தோழர்களும் அம்முறையில் வெற்றி கண்டனர். நம் நாட்டுப் பெருங்கெண்டைகளிடம் அது பலிக்குமா என்பது பல்லாண்டுகள் ஐயமாகவே இருந்தது.

அவ்வையத்தைத் தீர்த்தவர் ஹீராலால் சௌதுரி. 1921-இல் சில்ஹெட் பகுதியில் பிறந்து, தேசப் பிரிவினையின் பின் இந்தியாவின் பக்கம் வந்து சேர்ந்தவர். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கட்டாக் கிளையில் பணியாற்றியவர். முதலில் சிறு மீன்களிடம் பரீட்சை செய்தார். பின்னர் அலிகுஞ்ஞி என்ற மூத்த விஞ்ஞானியுடன் சேர்ந்து, 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவின் அங்குலில், பிட்யூட்டரிச் சாறு ஏற்றிய பெருங்கெண்டைகளைக் குளத்து நீரிலேயே முட்டையிடச் செய்தார். அந்த நாளே இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சௌதுரி 2014-இல் காலமானார். வீட்டில் ரோகு குழம்பு கொதிக்கும்போது இப்பெயரை நினைப்பவர் எத்தனை பேர் என்று நாம் எண்ணுவதுண்டு.

முறை எளியது, கைப்பழக்கம் வேண்டியது. முதிர்ந்த மீனின் தலையை மேலே சீவி, மூளையை நீக்கி, அடியில் வெண்மையாக ஒட்டியுள்ள சுரப்பியை நசுங்காமல் எடுத்துச் சாராயத்தில் இடுவர். வேண்டும்போது உலர்த்தி நிறுத்து, நீர் சேர்த்து அரைத்துத் தெளிவை வடிப்பர். சினை நிறைந்த பெண் மீனைத் தெரிந்தெடுத்தல் அடுத்த வேலை. அதன் வயிறு பருத்து மென்மையாய் இருக்கும்; ஆணின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரக்கும்; வயிற்றை லேசாக அழுத்தினால் பால் போன்ற விந்து வெளிப்படும். பெண்ணுக்கு மாலையில் ஒரு சிறு ஊசி. ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது ஊசி, அளவு சற்றுக் கூடுதலாக. ஆணுக்கு அப்போது ஒன்று போதும். ஊசி ஏறுவது பெரும்பாலும் வாலின் அடியில். பின்னர் ஒரு பெண்ணையும் இரு ஆண்களையும் குளத்தில் கட்டிய துணிப் பெட்டியில் விடுவர்.

மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் நீர் கலங்கும். ஆண்கள் பெண்ணைத் துரத்தி உரசும். பெண் முட்டைகளை உதிர்க்கும். அதே கணத்தில் ஆணின் விந்தும் நீரில் கலக்கும். அந்தக் கணத்தின் அருமையைச் சற்று எடுத்துரைத்தல் வேண்டும். ஆணின் உடலினுள் விந்தணுக்கள் அசைவற்று உறங்குகின்றன. உப்புச் செறிவு குறைந்த நன்னீர் பட்டதும் விழித்து நீந்தத் தொடங்குகின்றன. கடல் மீனின் விந்தணுவோ உப்புச் செறிவு மிகுந்த கடல்நீர் பட்டதும் விழிக்கும். ஆனால் கெண்டையின் விந்தணு நீந்தும் ஆயுள் ஒரு நிமிடமோ, மிஞ்சினால் இரண்டோதான். அதற்குள் முட்டையை அடைய வேண்டும்.

அடைந்தாலும் எங்கும் நுழைந்துவிட முடியாது. எலும்பு மீனின் முட்டை தடித்த ஓட்டினால் மூடப்பட்டது; அதில் ஒரே ஒரு நுண்துளை. நம்முடையது உள்ளிட்ட பல பிராணிகளின் விந்தணுவின் தலையில், முட்டையின் உறையைக் கரைத்துப் புகுவதற்கான கருவி ஒன்று உண்டு. எலும்பு மீன்களில் ஆகப் பெரும்பாலானவற்றின் விந்தணுவுக்கு அக்கருவி இல்லை. வாசல் திறந்திருக்கச் சுவரை இடிப்பானேன்? ஒன்று புகுந்ததும் வாசல் அடைபடும். முட்டை நீரை உறிஞ்சிப் பருத்து, நான்கைந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணியாகும். வெப்பமான நீரில் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரத்தில் குஞ்சு வெளிவரும். மூன்று நாள் வரை அதற்கு வாய் வழி உணவு வேண்டா. வயிற்றில் தொங்கும் மஞ்சள் கருப்பையே அன்னசத்திரம். கல்லீரல் சமைத்துத் தந்த அதே உணவுதான்.

பிட்யூட்டரிச் சாறு எப்போதும் ஒரே வீரியத்துடன் கிடைப்பதில்லை. பின்னாளில் கனடாவிலும் சீனத்திலும் ஆராய்ந்தோர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மூளை பிட்யூட்டரிக்கு ஏவல் மட்டும் அனுப்பவில்லை. டோபமைன் என்ற பொருளால் அதற்கு ஒரு தடைக்கட்டையும் போட்டு வைத்திருக்கிறது என்று கண்டனர். குளத்து மீனில் அத்தடை விலகுவதே இல்லை. ஆகவே ஏவல் தரும் ஹார்மோனின் செயற்கை வடிவத்தையும், தடையை நீக்கும் டோம்பெரிடோன் என்ற மருந்தையும் ஒன்றாய்க் கலந்து ஒரே ஊசியாக்கினர். டோம்பெரிடோன் நம் மருந்துக் கடைகளில் வாந்திக்குக் கொடுக்கும் அதே மாத்திரைப் பொருள்தான். இத்தகைய ஊசிகள் 1980-களின் பிற்பகுதி முதல் நம் நாட்டுக் குஞ்சுப் பண்ணைகளில் பரவலாயின. ஒரு குறையையும் கூற வேண்டும்: சில பண்ணைகள் ஒரே குடும்பத்து மீன்களையே தலைமுறை தலைமுறையாக இணைத்து வருவதால் குஞ்சுகள் நலிவடைகின்றன. பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும் நம்மவர் பார்க்கும் கவனத்தில் பாதியேனும் அங்கு வேண்டும்.

இனிக் கடலுக்கு வருவோம். கடல் மீனின் கதை வேறு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் விசைப் படகுகளுக்கு 61 நாள் தடை. தமிழ்நாட்டுக்கு இரண்டும் உண்டு. கன்னியாகுமரியின் மேற்குப் பகுதி மேற்குக் கரைக் கணக்கைச் சேரும். தடைக்கு இரு நோக்கங்கள்: பல மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது, மழைக்கடலில் மனித உயிருக்கும் ஆபத்து. இங்குள்ள கோளி மீனவர், அரசாணைக்கு நெடுங்காலம் முன்பே, நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்த பின்னரே படகிறக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர்.

இவ்வூரார் ‘ஜிதாடா’ என்று போற்றும் மீன் நம் நாட்டுக் கொடுவா. அதன் வரலாறு விசித்திரமானது. மூன்று நான்கு வயதில் முதிரும்போது அது ஆண். ஆறேழு வயதில் அதே மீன் பெண்ணாகிவிடுகிறது. ஆகவே பெருத்த கொடுவா என்றால் பெரும்பாலும் பெண். முட்டையிட ஆற்றின் முகத்துவாரத்தை நாடி வரும் தாய். பெரியதாகத் தேடித் தேடிப் பிடித்தால் தாய்களே முதலில் தீர்ந்துபோகும். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிடச் செய்தது இதனாற்றான் பெருஞ்செய்தி ஆயிற்று. கடல் கெளுத்தியின் தந்தைப் பாசம் இன்னொரு விதம். கோலி அளவுள்ள முட்டைகளை ஆண் மீன் தன் வாயில் ஏந்தி, பொரிக்கும் வரை உண்ணாநோன்பு இருக்கும். அத்தகைய கூட்டம் வலையில் அகப்பட்டால் தந்தையும் மக்களும் ஒருங்கே அழிவர்.

இப்போது நம் வீட்டு வழக்குக்குத் திரும்புவோம். மாவ்ஷியின் கூடையில் உள்ள ரோகு பெரும்பாலும் ஆந்திரத்துப் பண்ணைக் குளங்களிலிருந்து பனிக்கட்டியில் வருவது. அந்தச் சினை, மீன் உயிரோடு இருந்திருந்தாலும் ஊசியின்றிக் குஞ்சாகியிராது, கரைந்தே போயிருக்கும். அதனை உண்பதால் எந்தத் தலைமுறையும் குறைவுபடாது. இதைக் கேட்டு நம் இல்லத்தரசியார் வெற்றிப் புன்னகை பூத்தார். ஆனால் தாயார் சொன்னது வீண் பேச்சன்று என்பதற்கும் சாட்சி இவ்வூரிலேயே இருக்கிறது. தானே, ராய்கட் மாவட்டங்களில் முதல் மழை இறங்கி ஓடைகள் பெருகும்போது, சினை நிறைந்த மீன்கள் எதிர்நீச்சலிட்டு வயல்களை நோக்கி ஏறிவரும். அதை மராட்டியர் ‘வல்கண்’ என்பர். ஊரார் கூடையும் வலையும் கொண்டு திரண்டு அவற்றை அள்ளுவர். மூளையின் இரண்டாம் ஆணை அந்த மீன்களுக்குக் கிடைத்துவிட்டது. அண்டங்கள் உதிரப் போவது அன்றோ மறுநாளோ. அங்கே பிடிபடும் ஒவ்வொரு பெண் மீனும் அடுத்த ஆண்டு ஓடையின் விதை. தாமிரபரணிக் கால்வாய்களில் புதுவெள்ளத்தில் ஏறும் மீனைச் சிறுவயதில் கண்டவர் நம் தாயார். அவர் அறிந்த சினை மீன் அதுவே. குளத்து ரோகு அன்று.

இதைச் சொன்னபோது தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் அந்தக் கிழவியிடம் கேட்டுவிட்டு வாங்கு, குளத்து மீனா, ஓடை மீனா என்று” என்றார். மறு ஞாயிறு நாம் கேட்டோம். மாவ்ஷி சிரித்து, கூடையின் அடியிலிருந்து சேறு காயாத சிறு மீன்கள் சிலவற்றை எடுத்துக் காட்டினார். கர்ஜத் பக்கத்திலிருந்து காலை வண்டியில் வந்தவையாம். வயிறு கொள்ளாத சினை. விலையும் இரு மடங்கு. நாம் ரோகுவை வாங்கிக்கொண்டோம். நமக்குப் பின்னால் நின்றவர் அந்தச் சிறு மீன்களை, பேரம் பேசாமல், மொத்தமாக வாங்கிச் சென்றார்.